ஓர் ஆளின் ஒரு நாள் வேலை

பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் காலமும் வேலையும் என்று ஒரு பாடம் உண்டு. பன்னிரண்டு ஆட்கள் ஒரு சுவரைப் பத்து நாளில் கட்டி முடிப்பார்களானால், அதே சுவரை எட்டு ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று ஆசிரியர் கேட்பார். பதினைந்து நாள் என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு நாமும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். விடையில் ஏழரை ஆட்கள் என்று வந்துவிட்டால் மட்டும், எங்கேயோ பிசகிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடியும் போடுவோம். அந்தக் கணக்கில் வருகிற ஆள் யார், அவர் ஒரு நாளில் செய்யக்கூடிய வேலை இவ்வளவுதான் என்று நிர்ணயித்தவர் யார், எதைக் கொண்டு நிர்ணயித்தார் என்று வகுப்பில் எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், பதில் சொல்வதற்கு ஆசிரியருக்கு ஒரு பாடவேளை போதாது. ஏனெனில் சென்ற நூற்றிருபது ஆண்டுகளாகத் தொழிற்சாலை உலகம் அந்த ஒரு கேள்வியோடுதான் மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் அதற்கு அன்றாடம் விடை சொல்லியாக வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையத்துக்கு நிலையம் ஆட்களை இறக்கியும் ஏற்றியும் வருகிற மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்களும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஆலைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும், சிப்காட் வளாகத்து உலைகளிலும் ரோலிங் மில்களிலும் பிரஸ் ஷாப்புகளிலும் ஷிப்டு ஷிப்டாக வேலை செய்கிறார்கள். ஷிப்டு தொடங்கும்போது சூப்பர்வைசர் பலகையில் ஓர் எண்ணை எழுதுகிறார். அதுதான் அன்றைய டார்கெட். அந்த எண்ணைத் தொட்டால் ஊக்கத்தொகை உண்டு. தொடாவிட்டால் கேள்வி உண்டு. எண்ணுக்கு எதிர்வாதம் கிடையாது என்பது நம்மில் பலருடைய எண்ணமாகையால், அந்தப் பலகைக்கு முன்னால் நின்று அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அபூர்வம்.

அந்த எண்ணைக் கண்டறியும் முறைக்கு வேலை அளவீடு என்று பெயர். ஒரு வேலையை எத்தனை கூறாகப் பிரித்து, எவரிடம், எந்த முறையில் ஒப்படைப்பது என்று தீர்மானிப்பது வேலை வடிவமைப்பு. இவ்விரண்டையும் சாமானியருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. டார்கெட்டில் கடிகாரம் சொன்ன பகுதி ஒன்று இருக்கிறது. மனிதர் ஒருவர் தம் அபிப்பிராயமாகச் சேர்த்த பகுதி மற்றொன்று இருக்கிறது. இந்த இரண்டாவது பகுதி எங்கே கலந்தது என்பதை அந்த எண்ணுக்கு உட்பட்டு உழைக்கிறவர்கள் அறிந்திருப்பது அவசியம் என்பதே என் கட்சி.

கடிகாரத்தை எடுப்பதற்கு முன்னால் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1868 இல் பிறந்த ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் பதினேழாவது வயதில் பாஸ்டனில் கொத்து வேலை கற்கப் போனார். தமக்குக் கற்றுக்கொடுத்த கொத்தனார்களில் எந்த இருவரும் ஒரே மாதிரியாகச் செங்கல் வைக்கவில்லை என்பதும், ஒரே கொத்தனார் நிதானமாக இருக்கும்போது ஒரு விதமாகவும் அவசரத்தில் வேறு விதமாகவும், பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மூன்றாவது விதமாகவும் கையை அசைக்கிறார் என்பதும் அவர் கவனத்தில் பட்டன. ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிந்து நிமிர்கிற கொத்தனார், கல்லின் பாரத்தோடு தம் உடம்பின் மேற்பாதியின் பாரத்தையும் சேர்த்துத் தூக்குகிறார் என்று கண்ட கில்பிரெத், சுவர் உயர உயரத் தானும் உயர்த்தக்கூடிய சாரம் ஒன்றை அமைத்துக் கல்லை இடுப்பு உயரத்தில் வைத்தார். கல்லின் நல்ல முகம் எது என்று பொறுக்கி அடுக்கும் வேலையைச் சிற்றாளிடம் கொடுத்தார். கரண்டியால் தட்டாமலே கல் அமரும் பதத்துக்குச் சாந்தைக் குழைக்கச் செய்தார். பதினெட்டு அசைவுகள் ஐந்தாகக் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்தது. இதில் எவரையும் விரட்டவில்லை என்பதே முக்கியம். அவரும் அவருடைய மனைவி லில்லியன் கில்பிரெத்தும் பின்னாளில் சினிமாப் படக் கருவியைக் கொண்டு கையசைவுகளை ஆராய்ந்தார்கள். செய்முறை ஆய்வு என்று நாம் சொல்லும் துறைக்கு அது அடிப்படையாயிற்று.

அந்தச் செங்கல்லை அறுக்கும் இடத்துக்கு வந்தால் நிலைமை வேறு. செங்குன்றம், பெரியபாளையம் பக்கத்தில் சேம்பர் என்று சொல்லும் சூளைகளுக்கு ஒடிசாவின் போலாங்கீர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக, முன்பணம் வாங்கிக்கொண்டு, மழைக்காலம் முடிகிற சமயத்தில் வருகிறார்கள். கோடை முடியும்போது திரும்புகிறார்கள். ஒருவர் களிமண்ணை மிதித்துப் பிசைய, ஒருவர் உருண்டையாகப் பிடித்துக் கொடுக்க, குந்தி உட்கார்ந்திருப்பவர் மணல் தூவிய அச்சில் அதை ஓங்கி அடித்து, மிஞ்சியதை வழித்து, அச்சைக் கவிழ்த்துக் கல்லை வரிசையில் விடுகிறார். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. மண் எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வரவேண்டும், நாள் முழுவதும் குந்தியிருக்கும் முழங்காலின் கதி என்ன என்பவை அந்த ஆயிரத்துக்குள் மறைந்துபோகின்றன. பீஸ் ரேட் என்பது அளவீடு போலத் தோற்றமளித்தாலும், செய்முறையை ஆராயாமல் விதித்த பீஸ் ரேட்டு வெறும் பேரமே. அதிலும் முன்பணம் வாங்கியவரின் பேரம். 2011 ஆம் ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளையொன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்களை அதிகாரிகள் மீட்க நேர்ந்ததை நினைத்தால், அந்தப் பேரம் எதுவரை போகக்கூடும் என்பது விளங்கும்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். ரோலிங் மில்லின் கடைசிப் பகுதியில், ஆறிய முறுக்குக் கம்பிகளைக் கட்டுக் கட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்று 12 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 4.7 கிலோ எடை இருக்கும். இரண்டு பேர் பத்துக் கம்பிகளைப் பிரித்து, நுனிகளைத் தட்டிச் சமன்செய்து, கட்டுக்கம்பியைச் சுற்றிக் கொக்கியால் முறுக்கி, அட்டையை மாட்டி, கட்டைத் தள்ளிவிடுகிறார்கள். நேர ஆய்வு செய்கிறவர் இதை நான்கைந்து கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறார். ஒரு கூறு எங்கே முடிகிறது என்பதற்குச் சத்தமோ அசைவோ ஓர் அடையாளம் வேண்டும். கட்டுக்கம்பியின் நுனி முறிகிற ஓசை ஓர் அடையாளம். கட்டு தரையில் விழுகிற ஓசை மற்றொன்று. அவர் கையில் உள்ள கடிகாரத்தின் முகத்தில் ஒரு நிமிஷம் அறுபதாகப் பிரிக்கப்படாமல், கூட்டலுக்கு வசதியாக, நூறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே வேலையைப் பல சுற்றுக்கள் அளந்து, சராசரி எடுக்கிறார். கணக்குக்காக அந்தச் சராசரி 1.20 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை நடந்தது அளவை. எவர் செய்தாலும் ஏறக்குறைய இதே விடைதான் வரும்.

ஆனால் 1.20 நிமிஷம் என்பது அந்த இரண்டு பேருக்கு அந்த வேளையில் ஆன நேரம். அவர்கள் சாமர்த்தியசாலிகளாக இருக்கலாம், புதியவர்களாக இருக்கலாம், கடிகாரக்காரர் நிற்கிறார் என்று வேண்டுமென்றே மெதுவாகவோ, பயந்துபோய் வேகமாகவோ செய்திருக்கலாம். ஆகையால் ஆய்வாளர் தம் மனத்தில் ஒரு நியமமான வேகத்தை வைத்துக்கொண்டு, கண்முன் நடப்பதை அதோடு ஒப்பிட்டு ஓர் எண் கொடுக்கிறார். வேக மதிப்பீடு என்று இதைச் சொல்லலாம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1957 இல் வெளியிட்டு உலகெங்கும் பாடப்புத்தகமாகிவிட்ட வேலை ஆய்வு நூல் இதற்குச் சில உரைகற்களைத் தருகிறது. சராசரித் தேகக்கட்டுள்ள ஒருவர், கையில் சுமையின்றி, சமதரையில், நேர்ப்பாதையில், மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடந்தால் அது நூறு. 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை 0.375 நிமிஷத்தில் நான்கு பேருக்குப் போட்டு முடித்தால் அதுவும் நூறு. நம் கம்பிக்கட்டுக்காரர்களுக்கு ஆய்வாளர் 90 கொடுக்கிறார் என்றால், 1.20 நிமிஷம் 1.08 ஆகக் குறைகிறது. 90 என்று சொன்னது கடிகாரம் அன்று, கண். பயிற்சி பெற்ற கண்களும் மெதுவான வேலையைச் சற்று உயர்த்தியும் வேகமான வேலையைச் சற்றுத் தாழ்த்தியும் மதிப்பிடும் பழக்கமுடையவை என்பது, ஒரே படத்தைப் பலருக்குக் காட்டிப் பரிசோதித்ததில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் நேர்மையான ஆலைகளில் ஆய்வாளர்களை அவ்வப்போது ஒன்றாக உட்காரவைத்துப் படம் காட்டி அவர்களுடைய மதிப்பீட்டைச் சரிபார்க்கிறார்கள்.

கண்ணை நம்ப வேண்டாம் என்று நினைத்தவர்கள் வேறு வழியும் கண்டார்கள். ஹெரால்டு மேனார்டும் அவருடைய கூட்டாளிகளும் 1948 இல் வெளியிட்ட முறையில், நீட்டுதல், பற்றுதல், நகர்த்துதல், விடுதல் முதலிய அசைவுகளுக்கு மணியின் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 விநாடி, என்ற அலகில் நேரம் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருக்கிறது. வேலையை அசைவுகளாக எழுதிக் கூட்டிவிட்டால் போதும். சிறு பாகங்களைச் சேர்க்கும் வேலைக்கு அது உசிதமானது. பட்டியலில் உள்ள நேரங்களும் ஆதியில் படச்சுருளைப் பார்த்து எவரோ வேகத்தை மதிப்பிட்டுப் பெற்றவையே என்பதை மட்டும் மறக்கலாகாது.

இவ்வளவும் ஆனபின் கடைசியாக ஒரு கூட்டல் இருக்கிறது. மனிதர் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் கழிக்க வேண்டும். களைத்த கையை உதறிக்கொள்ள வேண்டும். இதற்காக நியம நேரத்தில் சேர்ப்பதை ஓய்வு ஈடு என்பேன். மேற்சொன்ன நூல் சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5 சதவிகிதமும் பெண்களுக்கு 7 சதவிகிதமும், அடிப்படைக் களைப்புக்கு 4 சதவிகிதமும் உதாரணமாகக் கொடுத்துவிட்டு, பாரம், நிற்கும் நிலை, இரைச்சல், உஷ்ணம் ஆகியவற்றுக்கு மேலும் சேர்க்கச் சொல்கிறது. நம் 1.08 நிமிஷத்தோடு 15 சதவிகிதம் சேர்த்தால் 1.24 நிமிஷம் ஆகும். எட்டு மணி நேர ஷிப்டில் ஏறக்குறைய 386 கட்டுகள். உஷ்ணத்தை உத்தேசித்து 40 சதவிகிதம் சேர்த்தால் 1.51 நிமிஷம், 317 கட்டுகள். அதே ஆட்கள், அதே கம்பி, அதே கடிகாரம். ஒரே ஒரு தீர்மானத்தினால் பலகையில் எழுதும் எண்ணில் ஏறக்குறைய எழுபது கட்டு வித்தியாசம் வந்துவிட்டது.

அந்தத் தீர்மானம் வரலாற்றில் எப்படிப் பிறந்தது என்பது படிப்பினை மிக்க கதை. 1899 இல் பென்சில்வேனியாவின் பெத்லஹேம் எஃகு ஆலையில், நேர ஆய்வுக்கு முன்னோடியான ஃபிரெடரிக் டெய்லரின் ஆட்கள், 92 பவுண்டு எடையுள்ள இரும்புப் பாளங்களை வண்டியில் ஏற்றும் கூலிகளை அளந்தார்கள். நாளொன்றுக்கு ஆளுக்கு 12½ டன் ஏற்றிவந்த இடத்தில் 47 டன் ஏற்றலாம் என்று விஞ்ஞானம் கண்டது என டெய்லர் 1911 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஆலையின் பழைய குறிப்புகளைத் துருவிப் பார்த்தபோது, வாட்டசாட்டமான பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, கால் மணி நேரத்துக்குள் 16 டன்னுக்கு மேல் அவர்கள் ஏற்றியதைப் பார்த்து, அதை நாள் முழுமைக்கும் பெருக்கி, வந்த தொகையில் 40 சதவிகிதத்தை ஓய்வுக்கென்று கழித்ததே அந்தக் கணக்கின் மூலம் என்று தெரியவந்தது. கால் மணி நேரத்து வேகத்தைப் பத்து மணி நேரத்துக்குப் பெருக்குவது பள்ளிக்கூடத்துக் கணக்கில் செல்லும், தேகத்தில் செல்லாது. கழித்த நாற்பதுக்கு ஆதாரமும் போதவில்லை. அதே 1911 இல் வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதச்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் கடிகாரத்தைக் கண்டு வேலையை நிறுத்தினார்கள், விசாரணை நடந்தது, 1915 முதல் அமெரிக்க அரசாங்க ஆயுதச்சாலைகளில் நேர ஆய்வுக் கடிகாரத்துக்குத் தடை விழுந்து, 1949 வரை நீடித்தது.

ஆயினும் ஓய்வு ஈட்டை ஊகமாகவே விட்டுவிட வேண்டியதில்லை. அதை அளக்க முடியும் என்பதுதான் இந்த சாஸ்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான பகுதி. நம் தசைகள் தாம் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கை மட்டுமே வேலையாக மாற்றுகின்றன. எஞ்சியது முழுவதும் உஷ்ணமாகிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓட வேண்டும். அதே ரத்தம் தசைக்கும் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்க இதயம் வேகமாகத் துடிக்கிறது. வியர்வை குளிர்ச்சி தருவது அது ஆவியாகும்போதுதான். சொட்டி விழுகிற வியர்வையால் நீர் நஷ்டமேயன்றிக் குளிர்ச்சி இல்லை. வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியும் ஈரக் காற்றை அனுப்பிக்கொண்டிருக்கும் பிரதேசத்தில், உலைக்கு எதிரே நிற்பவரின் வியர்வை ஆவியாவதற்கு எவ்வளவு இடம் இருக்கும்?

கையால் கம்பி ஓட்டும் பழைய மாதிரி மில்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உருளைகளுக்கு இடையிலிருந்து சிவந்து சீறிவரும் பட்டையை ஒருவர் நீண்ட இடுக்கியால் பிடித்து, உடலைத் திருப்பி, அடுத்த துளையில் நுழைக்கிறார். இதைத் தொடர்ந்து செய்ய முடியாதாகையால் இரண்டு கோஷ்டிகள் முறை மாற்றிக்கொள்கின்றன. ஒன்று இடுக்கி பிடிக்கும்போது மற்றொன்று பெரிய மின்விசிறிக்கு முன்னால் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும். லூசியன் புரூஹா என்ற உடலியல் அறிஞர் இப்படிப்பட்டவர்களுக்கென்றே எளிய பரிசோதனை ஒன்றை ஏற்படுத்தினார். வேலையை விட்டு உட்கார்ந்ததும் முதல் நிமிஷத்திலும் மூன்றாம் நிமிஷத்திலும் நாடியை எண்ண வேண்டும். முதல் எண்ணிக்கை 110 ஐத் தாண்டாமலும், மூன்றாம் நிமிஷத்துக்குள் அது பத்துத் துடிப்பாவது இறங்கியும் இருந்தால், அந்த வேலையும் ஓய்வும் தேகத்துக்கு ஏற்றவை. இறங்க மறுத்தால், களைப்பு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகிறது. மணிக்கட்டும் சுவர்க் கடிகாரமும் போதும்.

இடத்தின் உஷ்ணத்தை அளக்கவும் வழியிருக்கிறது. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் மயங்கி விழுந்தவர்களை முன்னிட்டு யாக்லோ, மினார்டு என்ற அறிஞர்கள் வகுத்த முறையில், ஈரத் துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றையும் பார்த்து, வெயிலில் ஈரத் துணிக்குப் பத்தில் ஏழு பங்கு மதிப்பும், கோளத்துக்கு இரண்டும், சாதாரணத்துக்கு ஒன்றும் கொடுத்து ஒரே எண்ணாக்குகிறார்கள். ஈரத்துக்கே பெரும் பங்கு என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கத் தொழிற்சுகாதார அறிஞர்கள் பல்லாண்டுகள் பின்பற்றிய அட்டவணைப்படி, இந்த எண் 25 டிகிரி வரையில் கடின வேலையைத் தொடர்ந்து செய்யலாம். 30 டிகிரியில் மணிக்குக் கால் மணி நேரம் வேலை, முக்கால் மணி நேரம் ஓய்வு. சென்னைப் பக்கத்துக் கோடையில் நிழலிலேயே 30ஐத் தொடும் நாட்கள் உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிலையத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டு உருக்கு ஆலைகளிலும் உப்பளங்களிலும், சுவீடன் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து சென்னையைச் சுற்றிய செங்கல் சூளைகளிலும் இந்த அளவை எடுத்திருக்கிறார்கள். ஆகவே கருவி இல்லை, ஆள் இல்லை என்று எந்த ஆலையும் சொல்வதற்கில்லை.

விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கோஷ்டிக்குத் திரும்புவோம். ஆலை முழுவதையும் கடிகாரத்தோடு பின்தொடர முடியாதாகையால், எல். எச். சி. டிப்பெட் என்ற ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர், பஞ்சாலைகளை ஆராய்ந்தபோது 1930களில் சுருக்கு வழி ஒன்று கண்டார். எதிர்பாராத வேளைகளில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வோர் இயந்திரமும் அந்தக் கணத்தில் ஓடுகிறதா, நிற்கிறதா என்று குறித்துக்கொண்டால் போதும். குறிப்புகளின் விகிதமே நேரத்தின் விகிதமாகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் பார்ப்பதும் இதுவே. ஆனால் பானைச் சோறு கொதித்துக் கலந்தது, ஆலையின் நாளோ அப்படிக் கலந்ததன்று. தேநீர் வேளையிலேயே தினமும் போனால் எல்லாரும் சும்மா இருப்பதாகத் தெரியும். அதனால் பார்க்கும் வேளைகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கிறார்கள். கால்வாசி நேரம் நிற்கும் இயந்திரத்தை 300 முறை பார்த்தால் விடையில் ஐந்து சதவிகிதப் புள்ளிக்கு மேல் பிசகு வருவது அரிது. அந்தப் பிசகைப் பாதியாக்க வேண்டுமானால் 1,200 முறை பார்க்க வேண்டும். கணிதம் இங்கே அப்பழுக்கற்றது. ஆனால் இடுக்கிக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் அதை 'ஓய்வு' என்ற கட்டத்தில் குறிப்பதா, 'சும்மா' என்ற கட்டத்தில் குறிப்பதா என்பதைக் கணிதம் சொல்லாது. இரண்டாவது கட்டத்தில் குறித்தால், ஒரு கோஷ்டியைக் குறைக்கலாம் என்று அறிக்கையே சிபாரிசு செய்துவிடும்.

நம் நாட்டுக்கு இந்தத் துறை முறையாக வந்தது 1952 இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் அனுப்பிய நிபுணர் குழுவோடு. தேசிய உற்பத்தித்திறன் குழு 1958 இல் அமைந்தது. கோயம்புத்தூரில் 1956 இல் தோன்றிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நூற்பாலைகளில் ஓர் ஆளுக்கு எத்தனை கதிர்கள் என்ற பளுவை ஆராய்ந்து வகுத்த நியமங்கள் தமிழ்நாட்டு மில்களில் பேச்சுவார்த்தைக்கே அடிப்படையாயின. ஆனால் இவை எல்லாவற்றையும்விட அகமதாபாத்தில் 1953 இல் நடந்த ஒரு சோதனையே, பள்ளிக்கூடத்தில் நாம் அழித்துவிட்ட அந்த ஏழரை ஆளை நினைவூட்டுகிறது.

காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் புதிதாக வந்திருந்தன. 224 தறிகளுக்கு இருபத்தொன்பது பேர். அவர்களுக்குள் பன்னிரண்டு விதமான வேலை. ஒவ்வொரு வேலைக்கும் நியம நேரம் கண்டு, அதன்படி தறிகளைப் பங்கிட்டிருந்தார்கள். நெசவாளிக்கு இத்தனை, ஊடைக் குழல் நிரப்புபவருக்கு இத்தனை, மொத்தமாக அறுந்த இழைகளைச் சேர்ப்பவருக்கு இத்தனை, புதிய பாவு உருளையை ஏற்றுபவருக்கு இத்தனை என்று தனித்தனியே பார்த்தால் கணக்கு நியாயமானது. லண்டனிலிருந்து வந்த டாவிஸ்டாக் நிலையத்து ஆராய்ச்சியாளர் ஏ. கே. ரைஸ் அதைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். ஒரு நெசவாளிக்குக் குழல் நிரப்புபவரில் எட்டில் ஐந்து பங்கு, இழை சேர்ப்பவரில் எட்டில் மூன்று பங்கு, பாவு ஏற்றுபவரில் கால் பங்கு, குழல் சுமப்பவரில் அரைக்கால் பங்கு வாய்த்திருந்தது. அரைக்கால் ஆளை எவரால் கூப்பிட முடியும்? தறி நின்றால் யாருடைய பொறுப்பு? இயந்திரம் உயர்ந்தது, நெசவின் தரமும் அளவும் உயரவில்லை. ஒரு கூட்டத் தறிகளை ஏழு பேர் கொண்ட குழுவிடம் முழுப் பொறுப்பாக ஒப்படைக்கலாமா என்று ரைஸ் யோசனை சொன்னபோது, தொழிலாளர்களே முன்வந்து, தங்களுக்குள் ஆட்களைத் தேர்ந்து குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சற்றுத் தடுமாறியபின் உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. வேலை வடிவமைப்பு என்ற துறையில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் சோதனைகளில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது. பிரஸ் ஷாப்பில் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரே அசைவைச் செய்கிறவரை இரண்டு மணிக்கு ஒரு முறை வேறு இடத்துக்கு மாற்றுவதும், தாம் செய்த பாகத்தைத் தாமே சோதிக்க விடுவதும், அச்சு மாற்றும் செட்டிங் வேலையைக் கற்றுக்கொடுப்பதும் அந்த வழியில் வந்தவையே. கும்மிடிப்பூண்டியில் கான்ட்ராக்ட் ஹெல்பரை ஒரே பிடியில் வருஷக்கணக்காக நிறுத்திவைக்கும் வழக்கம் அந்த அறிவுக்கு நேர்விரோதமானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

உழைக்கும் மணிகளும் ஒன்றுக்கொன்று சமமல்ல. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் வெடிமருந்துச் சாலைகளில் எடுத்த குறிப்புகளை ஜான் பென்கவல் என்ற பொருளியல் அறிஞர் 2014 இல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி வரையில் உழைப்புக்கு ஏற்ற விளைவு கிடைத்தது. அதற்கு மேல் மணிக்கு மணி தேய்ந்தது. 70 மணி வேலை செய்த வாரத்தின் விளைவு 56 மணி வாரத்தினின்றும் அதிகம் வேறுபடவில்லை. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றும், தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கலாகாது என்றும் விதித்ததற்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று கைவிடப்பட்டது. அந்த விவாதத்தில் இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னவர்கள் இன்னும் அதிகமாக இருந்திருக்கலாம்.

ஆலைக்கு வெளியேயும் இதே சாஸ்திரம் உலாவுகிறது. நூறு நாள் வேலை என்று நாம் அழைத்த திட்டத்தின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு மணி நேரம் உழைக்கும் சாதாரணத் தொழிலாளி அன்றைய கூலியைப் பெறும்படியாக மண்வேலையின் அளவை நிர்ணயிக்க வேண்டும் என்றது. ஏரியில் குழி வெட்டும்போது நடுவில் தோண்டாமல் விட்ட மண்திட்டின் உயரத்தைப் பார்த்து ஆழத்தை அளந்தார்கள்; இறுகிய களியா, இளகிய மணலா, மண்ணைக் கரைவரை எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் சுமக்க வேண்டும் என்பதற்கேற்ப அளவு மாறிற்று. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பலர் வயதானவர்கள். திடகாத்திரமான ஆண் ஒருவரை மனத்தில் வைத்து வகுத்த அளவை அறுபது வயது மூதாட்டிக்கு விதித்தால், அவர் சோம்பேறி என்ற பெயரையும் குறைந்த கூலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார். குற்றம் அளவுகோலில் இருக்கும்.

நிமிஷங்களுக்காக வாதாடுவது சென்னைக்குப் புதிதன்று. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் செல்வபதி செட்டியாரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் முறையிட்ட குறைகளில் நண்பகல் உணவுக்குக் கிடைத்த அரைமணி போதாது என்பதும் ஒன்று. பின்னாளில் தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட 12(3) சமரச ஒப்பந்தங்களில் சம்பளத்தோடு உற்பத்தி அளவும் பேசி எழுதப்பட்டது. சங்கத்தார் சிலர் வேலை ஆய்வைக் கற்றுக்கொண்டு, நிர்வாகத்தின் தாளில் கொடுத்த மதிப்பீடு எத்தனை, ஓய்வு ஈடு எத்தனை என்று வரி வரியாகக் கேட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பெரும்பாலும் நாற்காலி கிடையாது. கும்மிடிப்பூண்டியில் உலைக்கு மிக அருகில் நிற்பவர் பெரும்பாலும் அவரே. ஆகையால் நான் கேட்பது இவ்வளவுதான். டார்கெட் எழுதும் பலகைக்குப் பக்கத்தில் அதன் கணக்குத் தாளையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்ட வேண்டும். வேலை எந்த முறையில் செய்யப்பட்டபோது அளந்தது, எத்தனை சுற்று அளந்தது, வேகத்துக்குக் கொடுத்த எண் என்ன, ஓய்வுக்குச் சேர்த்த சதவிகிதம் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். அன்றைய ஷிப்டில் ஈரத் துணியும் கறுப்புக் கோளமும் காட்டிய அளவையும், அதற்கேற்பத் திருத்திய டார்கெட்டையும் எழுதுவதற்கு அடியில் இடம் விட்டிருக்க வேண்டும்.